எத்தனை குரல்?

டிஜிட்டல் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை வாங்கப் புகுவோர் கடைக்காரரை நோக்கி முதலாவது கேட்கும் கேள்வி, "இதற்கு எத்தனை குரல்?" என்பதாம். கடைக்காரரும் 64 என்றோ, 128 என்றோ, 256 என்றோ விடை பகர்வார். கேட்டவர், எண் பெரிதாயிருத்தலின் கருவியும் பெரிதாகவே இருக்கும் எனத் துணிந்து, பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவர். இங்ஙனம் துணிவது பிழை என்பதும், அவ்வெண்ணைக் கேட்குமுன் வேறொரு கேள்வியைக் கேட்டறிதல் இன்றியமையாதது என்பதுமே ஈண்டு நான் சொல்லப் புகுந்தவை. அக்கேள்வி யாதெனில், "நான் வாசிக்க விரும்பும் ஒலியில் ஒரு சுரம் எழும்ப எத்தனை குரல் செலவாகும்?" என்பதே. முந்தியது வரவைக் கேட்கும் கேள்வி. பிந்தியது செலவைக் கேட்கும் கேள்வி. வரவை மாத்திரம் கேட்டுக் குடும்பம் நடத்துவார் உலகில் இலர்.

இதன் உண்மை எனக்கு விளங்கியது ஒரு கிறிஸ்து பிறப்புக் கீத ஆராதனையிலே. பாடகர் குழுவிற்கென்று அன்பர் பலர் மனமுவந்து அளித்த காணிக்கையைக்கொண்டு, 64 குரலுடைய கருவியொன்று அவ்வாண்டில் வாங்கப்பட்டிருந்தது. அதனைத் தெரிந்தெடுத்தோருள் நானும் ஒருவன். கருவியினுள் அமைந்திருந்த ஒலிகளுள் மிகவும் மகிமையாய்த் தோன்றிய ஒன்றை ஆராதனைக்கென்று குறித்துவைத்தோம். வயலின் கூட்டமும், மனிதக் குரற் கூட்டமும், மணியோசையும், ஆர்கன் ஒலியும் ஒருங்கே கலந்து எழும் ஒலி அது. ஒத்திகையில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வாசித்துப் பழக்கினோமாதலால் குறை ஒன்றும் வெளிப்படவில்லை. ஆராதனை நாளிலோ நான்கு பகுதிகளும் சேர்ந்தன. வாசித்தவர் பெடலை மிதித்தபடியே வாசித்தார். கடைசிச் சரணத்தில், பேஸ் பகுதியினர் நெடிது பற்றி நிற்கவேண்டிய தாழ்ந்த சுரம் கருவியினின்று திடீரென மறைந்துபோயிற்று. சுரக் குறிப்பை வாசிக்க அறியாது, கருவியின் ஒலியையே ஊன்றுகோலாகக் கொண்டு பாடிய முதலாண்டு மாணவர் அறுவரும் தடுமாறி வாய் மூடினர். அவர்களைச் சார்ந்து நின்ற டெனர் பகுதியும் சுருதி விலகிற்று. "பிள்ளைகள் சரியாகப் பழகவில்லை" என்று சபையார் சொல்லிக்கொண்டு சென்றனர். பழி பிள்ளைகள்மேல் விழுந்தது. அதற்கு உரியவர்கள் கருவியைத் தெரிந்தெடுத்த நாங்களே என்பது பின்னரே புலனாயிற்று.

நிற்க. பாலிபோனி என்னும் சொல்லுக்கு இசைநூலார் கூறும் பொருள் வேறு. கருவி செய்வோர் கூறும் பொருள் வேறு. தனித்தனி ஓட்டமுடைய பல குரல்கள் ஒருங்கியைந்து செல்லும் இசைமுறையை இசைநூலார் அச்சொல்லாற் குறிப்பர். கருவி செய்வோரோ, ஒரே கணத்தில் கருவி எழுப்பவல்ல குரல்களின் உச்ச எண்ணிக்கையைக் குறிப்பர். இங்கே மயக்கம் தருவது 'குரல்' என்னும் சொல்லே. வாங்குவோர் அதனைச் 'சுரம்' என்று பொருள்கொள்கின்றனர். 64 குரல் என்றால் 64 கட்டைகளை ஒருங்கே அழுத்தலாம் என்றும், மனிதனுக்குப் பத்து விரல்களே உள்ளனவாதலால் அது வேண்டியதற்கு மேற்பட்டது என்றும் எண்ணுகின்றனர். குரல் என்பது கருவிக்குள் வேலை செய்யும் ஒரு கூலியாள் போன்றது. எளிய ஒலியாயின் ஒரு சுரத்தை எழுப்ப ஓராள் போதும். செறிந்த ஒலியாயின் ஒரே சுரத்திற்கு இரண்டாள், நான்காள், சிலபோது எட்டாள் வேண்டும். விளம்பரத்தில் அச்சிடப்படுவது ஆட்களின் தொகை. எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதோ, அவர்களை நாம் எவ்வேலையில் ஏவுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஏரியில் நிற்கும் நீர் இவ்வளவென்று வரையறைப்பட்டது. அந்நீரைக்கொண்டு கேழ்வரகு பயிரிட்டால் பரந்த நிலம் விளையும். நெல் பயிரிட்டால் அதிற் சிறு பகுதியே விளையும். கரும்பு வைத்தால் அதனினும் குறுகும். ஏரியின் கொள்ளளவை மாத்திரம் கேட்டு, இத்தனை காணி விளையும் என்று எந்த உழவரும் சொல்லத் துணியார். பயிர் யாதென்றும் உடனே கேட்பர். சிந்தசைசரில் ஏரி நீர் போன்றது அதன் கணக்கிடும் ஆற்றல். பயிர் போன்றது ஒலியின் செறிவு. விளையும் காணி போன்றது ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் தொகை.

கணக்கிடும் ஆற்றல் என்றது ஏன் எனின், ஒலியை எண்களாக்கிக் கணக்கிடுவதே டிஜிட்டல் முறையாதலால் என்க. விநாடிக்குச் சாதாரணமாக 44,100 அல்லது 48,000 முறை கருவியின் சில்லு ஒலியலையின் உயரத்தைக் கணக்கிட்டு வெளியிடுகின்றது. விநாடிக்கு 48,000 எனின், ஒரு கணக்கிற்கும் அடுத்த கணக்கிற்கும் இடையே கிடைக்கும் காலம், ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏறக்குறைய 21 கூறே. அச்சிறு காலத்திற்குள், ஒலிக்கின்ற ஒவ்வொரு குரலுக்கும் அலையை நினைவகத்தினின்று எடுத்தல், சுரத்தின் ஏற்றவிறக்கத்திற்கேற்ப அதனைச் சுருக்குதல் அல்லது விரித்தல், வடிகட்டியிற் செலுத்தி அதன் கூர்மையைத் திருத்துதல், தொடக்கம் முதல் ஒடுக்கம் வரை அதன் உரத்தை ஒழுங்குசெய்தல் ஆகிய வேலைகள் யாவும் முடிதல் வேண்டும். காலமோ நீளாது, சில்லின் வேகமும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஆகவே ஒரு சுரத்திற்குரிய வேலை இருமடங்கானால், ஒலிக்கும் சுரங்களின் தொகை ஏறக்குறையப் பாதியாதல் இயல்பு. இதில் சூது ஒன்றுமில்லை. வெறும் வகுத்தற் கணக்கே உளது.

டிஜிட்டல் கருவிகள் பரவுமுன்னும் இக்கட்டுப்பாடு இருந்தது. 1970-இல் வெளிவந்த மினிமோக் என்னும் கருவி ஒரே காலத்தில் ஒரே சுரத்தையே ஒலித்தது; அவ்வொரு சுரத்திற்கு மூன்று அலையாக்கிகளைச் செலவிட்டது. 1978-இல் வந்த புராபெட்-5, ஐந்து சுரங்களை ஒலித்தது. அதில் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மின்சுற்று அமைந்திருந்தது. ஒற்றைச் சுரம் ஐந்து குரலின் வலிமையோடு முழங்கவேண்டும் என்று விரும்பினால், ஐந்தையும் ஒன்றன்மேற் குவிக்கலாம்; அப்பொழுது அஃது ஒருசுரக் கருவியாகிவிடும். வளமா, தொகையா என்னும் வழக்கு அன்றே தோன்றிவிட்டது.

டிஜிட்டல் கருவிகளை இவ்விஷயத்தில் மூன்று வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, ஒவ்வொரு குரலுக்கும் இவ்வளவு வேலை என்று அறுதியிட்டு வைத்தவை. 1983-இல் யமஹா கம்பெனியார் வெளியிட்ட டி.எக்ஸ்.7 இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஜான் சௌனிங் என்பவர் 1967-இல் கண்டறிந்து, 1973-இல் கட்டுரையாக வெளியிட்ட அதிர்வெண் பண்பேற்ற முறையை அக்கருவி கையாண்டது. ஒரு குரலுக்கு ஆறு அலையாக்கிகள், குரல்கள் 16, ஆக 96 அலையாக்கிகளின் கணக்கை அதன் சில்லுகள் முறையே முடித்துவந்தன. ஆறனுள் இரண்டை மாத்திரம் ஏவி நான்கை வாளா இருத்தினாலும் குரல்கள் 16-க்கு மேற்படா. ஆறையும் ஏவினாலும் 16-இற் குறையா. இத்தகைய கருவியை வாங்குவோர் ஒலியின் செறிவைப்பற்றிக் கவலைகொள்ள வேண்டுவதில்லை. அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாம்.

இரண்டாம் வகை, குரல்களைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்து, ஒலிக்கு வேண்டியவாறு அளந்து கொடுப்பவை. 1987-இல் ரோலண்டு கம்பெனியார் வெளியிட்ட எம்.டி.-32 என்னும் பெட்டியில் 32 ஒலிக்கூறுகள் இருந்தன. ஓர் ஒலி, ஒன்று முதல் நான்கு கூறுகள் வரை கொள்ளலாம். ஒரு கூறுடைய ஒலியாயின் 32 சுரமும், நான்கு கூறுடையதாயின் 8 சுரமுமே ஒருங்கே ஒலிக்கும். அவ்வாண்டே வந்த டி-50, இரண்டு தொனிகளை அடுக்கியவுடன் 16 சுரத்தினின்று 8 சுரத்திற்கு இறங்கிற்று. 1988-இல் வந்த கோர்க் எம்1 கருவியும் ஒற்றை முறையில் 16, இரட்டை முறையில் 8 என்றே அமைந்தது. 1994-இல் வெளிவந்த ரோலண்டு ஜே.வி.-1080, 64 குரல் என்று பெயர் பெற்றது. ஆயினும் நான்கு தொனிகள் கூடிய ஒலியில் அது 16 சுரக் கருவியே. எண் நான்கு மடங்கு வளர்ந்தது. ஒலியின் பசியும் அதனுடன் வளர்ந்தமையால், செறிந்த ஒலியை விரும்பியவர் பழைய அளவிலேயே நின்றனர். இன்று கடைகளில் மலிந்துள்ள, பதிவொலியைக் கொண்டு இயங்கும் கீபோர்டுகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

மூன்றாம் வகை, பொதுக் கணிப்பொறிச் சில்லைக்கொண்டு பல முறைகளால் ஒலியாக்குபவை. 2011-இல் வெளிவந்த கோர்க் க்ரோனாஸ், ஒன்பது ஒலியாக்க முறைகளை ஒரே பெட்டியுள் அடக்கியிருந்தது. கருவி ஒன்றே, கணக்கிடும் ஆற்றலும் ஒன்றே. ஆயினும் பழைய சக்கர ஆர்கனைப் போலச் செய்யும் முறையில் 200 குரலும், பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் முறையில் 140 குரலும், பழைய மின்சுற்றுச் சிந்தசைசரைப் போலச் செய்யும் முறையில் 80 குரலும், தந்தியின் அதிர்வையே கணக்கிட்டு மீட்டும் முறையில் 40 குரலும் உச்ச அளவாகக் குறிக்கப்பட்டன. ஒலியாக்கும் முறை மாறின மாத்திரத்தில் தொகை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது காண்க. அன்றியும், இத்தகைய கருவியில் எதிரொலி முதலிய அலங்காரங்களும் அதே சில்லின் காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒலியின் செறிவு குரற்றொகையைக் குறைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி, ஆராதனையில் நேர்ந்ததைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு பகுதிப் பாமாலையில் ஒவ்வோர் அசைக்கும் நான்கு சுரங்கள் ஒருங்கே எழும். நாங்கள் தெரிந்துகொண்ட ஒலியில் நான்கு அடுக்குகள் இருந்தன. ஆகவே ஓர் அசைக்கு 16 குரல். ஒவ்வோர் அடுக்கும் ஸ்டீரியோப் பதிவாயின், இடப்பக்கத்திற்கு ஒரு குரலும் வலப்பக்கத்திற்கு ஒரு குரலுமாகச் செலவு இரட்டிக்கும். அசைக்கு 32 குரல். பெடலை மிதித்திருக்குங்கால், விரலை எடுத்த சுரமும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்குமாதலால், இரண்டாம் அசையிலேயே 64 குரலும் தீர்ந்தன. மூன்றாம் அசைக்குப் பழைய சுரம் ஏதேனும் விலகி இடம் தரவேண்டியதாயிற்று. 128 குரலுடைய கருவியாயின் ஐந்தாம் அசையிலும், 256 குரலுடையதாயின் ஒன்பதாம் அசையிலும் இதே இடர் வரும். எட்டும் ஆறுமாக அசைகள் மாறிவரும் சாதாரண யாப்புப் பாமாலையொன்றில் ஒரு சரணத்திற்கு 28 அசைகள் உள்ளன. ஒரே சுரம் மீண்டும் எழுங்கால் பழைய குரலையே சில கருவிகள் எடுத்தாள்வதால் இக்கணக்குச் சற்றுக் குறையலாம். ஆயினும் அதன் போக்கு மாறாது.

அடுக்கு, ஸ்டீரியோ, பெடல் என்னும் இம்மூன்றனோடு நான்காவது ஒன்றும் உண்டு. அது ஒலியின் ஓய்வுக் காலம். ஆர்கன் ஒலி, விரலை எடுத்தவுடன் அடங்கும். மெல்லப் பரந்து மெல்லத் தேயும் வயலின் கூட்ட ஒலியோ, விரலை எடுத்த பின்னும் இரண்டு மூன்று விநாடிகள் வரை தேய்ந்துகொண்டேயிருக்கும். தேய்கின்ற ஒலியும் குரலைப் பற்றிக்கொண்டே தேய்கின்றது. பியானோ ஒலியிற் கட்டையை விடும் ஓசை, தந்திகளின் உடனதிர்வு ஆகியவற்றையும் சேர்த்துச் செய்த கருவிகளில், அவற்றிற்கும் குரல் செலவாகலாம். காது உணராத செலவுகள் இவ்வாறு பல உள.

குரல்கள் தீர்ந்தவிடத்துக் கருவி புதிய சுரத்தை மறுப்பதில்லை. ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் ஒன்றை நிறுத்தி அதன் குரலைப் புதியதற்குக் கொடுக்கின்றது. இதனைக் குரற் களவு என்பர். எதனை நிறுத்துவது என்பதற்குக் கருவிதோறும் விதி வேறு. முதலில் எழுந்ததை முதலில் நிறுத்துவன சில. மிக மெலிந்ததை நிறுத்துவன சில. தாழ்ந்த சுரத்தையேனும் உயர்ந்த சுரத்தையேனும் காத்து, இடைப்பட்டவற்றை நிறுத்துவன சில. விரைந்து செல்லும் இசையில் மெலிந்து தேயும் சுரம் ஒன்று மறைந்தால் ஒருவரும் அறியார். பாமாலையிலோ, எல்லாவற்றிற்கும் முன்னே எழுந்து எல்லாவற்றிற்கும் பின்னே ஓயவேண்டியது பேஸ் பகுதியின் நெடுஞ்சுரம். முதலில் எழுந்ததை முதலில் நீக்கும் விதிக்கு முதற் பலியாவது அதுவே. பாட்டின் அஸ்திவாரமாய் நிற்பதைக் கருவி பழையதென்று தள்ளிவிடுகின்றது. ஆகையால் தொகையைக் கேட்பவர் இவ்விதியையும் கேட்டல் நலம்.

"எண்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றனவே, இன்னும் சில ஆண்டுகளில் இக்கவலையே ஒழிந்துவிடாதோ?" என்று சிலர் வினவலாம். அவர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. 1991-இல் ஏற்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொதுவிதி, 16 வாய்க்கால்களில் இசைக்கும் கருவிக்கு 24 குரல் போதுமென்று கொண்டது. இன்று எளிய கருவிகளும் அதனைக் கடந்து நிற்கின்றன. எனினும், ஆற்றல் பெருகுந்தோறும் கருவி செய்வோர் அதனை ஒலியின் செறிவிற்கே பெரும்பாலும் செலவிடுகின்றனர். கடையில் ஒரு விரலால் ஒரு சுரத்தை அழுத்திப் பார்க்கும் வாடிக்கையாளரின் மனத்தைக் கவர்வது செறிந்த ஒலியே என்பதை அவர் அறிவர். ஆகவே முன்வரிசையில் அமைக்கப்படும் ஒலிகள் யாவும் பல அடுக்குடையனவாய், ஸ்டீரியோவாய், நெடிது தேய்வனவாய் உள்ளன. ஒரு விரலுக்கு அரசனைப்போல் ஒலிப்பது, பத்து விரலுக்கு ஏழையாகிவிடும். விவரப் பட்டியலில், ஒலியாக்கச் சுமைக்கேற்ப இவ்வெண் மாறுபடும் என்று சிறு எழுத்தில் ஒரு வரி காணப்படுவதும் உண்டு. பெரிய எண்ணைப் படிப்பவர் அச்சிறு வரியையும் படிக்கக் கடவர்.

எனினும் இங்கே ஒரு நுட்பத்தை மறத்தல் கூடாது. காதிற்குச் செறிவாய்த் தோன்றும் ஒலியெல்லாம் கருவிக்குச் சுமையாகும் என்பதில்லை. ஒரு பெரிய ஆர்கனின் பல குழல்கள் சேர்ந்தெழுப்பும் ஒலியை ஒரே பதிவாக எடுத்து வைத்திருந்தால், அதனை எழுப்ப ஒரு குரலே போதும். கேட்பவர்க்கு அது பெருமுழக்கம். சில்லிற்கோ ஓர் அலையை எடுத்து வாசிக்கும் வேலை. இதற்கு மாறாக, புல்லாங்குழலின் ஒற்றை ஒலி காதிற்கு எளியது. குழலினுள் காற்று அசையும் முறையையே கணக்கிட்டு அதனை எழுப்பப் புகுந்தால் சுமை மிகுந்துவிடும். அவ்வாறே, மெல்ல அழுத்தினால் ஒரு பதிவும் வலிந்து அழுத்தினால் வேறொரு பதிவும் ஒலிக்குமாறு அமைத்த ஒலிகளில், ஒன்று ஒலிக்கையில் மற்றவை வாளாவிருப்பின், அவற்றிற்குத் தனிச் செலவில்லை. ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பின் செலவு உண்டு. ஆதலின் செறிவைக் காதால் அளவிடலாகாது. கருவியின் அமைப்பைத் திறந்து, இவ்வொலியில் எத்தனை அடுக்கு என்று எண்ணியே அறிதல் வேண்டும்.

குரல் குறைந்த கருவி இழிந்தது என்று கருதுவதும் தவறு. 1994-இல் யமஹா கம்பெனியார் வெளியிட்ட வி.எல்.1 என்னும் விலையுயர்ந்த கருவி, ஒருங்கே இரண்டு சுரங்களையே ஒலிக்க வல்லது. ஊதுகருவியின் நாக்கும் குழலும் காற்றும் அசையுமாற்றை அது கணக்கிட்டமையால், ஊதுபவனின் மூச்சு ஏறியிறங்குவதுபோல் அதன் சுரம் உயிர்பெற்று நின்றது. அதனைக் குறைகூறுவது, புல்லாங்குழல் ஒரு சுரத்தையே ஒலிக்கின்றது என்று குறைகூறுவதை ஒக்கும். நம் ஆலயங்களிற் பாடப்படும் இசையும் இருதிறப்பட்டது. மேல்நாட்டினின்று வந்த பாமாலைகள் நான்கு பகுதியாய் எழுந்தவை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளோ ஒற்றை ஓட்டமுடையவை. சுரத்திற்குச் சுரம் வழுக்கியும் அசைந்தும் செல்பவை. கீர்த்தனைக்குத் துணைசெய்ய, சுருதிக்கு இரண்டும் பாட்டிற்கு ஒன்றுமாக மூன்று சுரம் போதும். ஆனால் அவ்வொரு சுரம் வளையவும் குழையவும் வல்லதாயிருத்தல் வேண்டும். அங்கே செறிந்த ஒலிக்குச் செலவிடுவது வீண்செலவன்று. பாமாலைக்கு வேண்டுவதோ, நான்கு பகுதியும் கடைசி வரை நிற்கும் உறுதி. ஒரே கருவியில் இவ்விரண்டிற்கும் இருவேறு ஒலிகளைத் தெரிந்துகொள்ளுதலே அறிவுடைமை.

இனி, வாங்கச் செல்வோர்க்குச் சில சொல்லுவேன். முதலாவது, எந்த இசையை எந்த ஒலியால் வாசிக்கப்போகிறோம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு செல்க. இரண்டாவது, அவ்வொலியில் எத்தனை அடுக்கு உண்டென்றும், ஸ்டீரியோ ஒலியை ஒரு குரலாக எண்ணினரோ இரண்டாக எண்ணினரோ என்றும் கேட்க; இவ்விடத்தில் கருவி செய்வோரின் வழக்கு ஒருதன்மைத்தன்று. மூன்றாவது, கடையிலேயே ஒரு சோதனை செய்க. பெடலை மிதித்துக்கொண்டு மிகத் தாழ்ந்த சுரம் ஒன்றை உரக்க அழுத்துக. பின்பு மேலேயுள்ள சுரங்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திக்கொண்டே எண்ணுக. தாழ்ந்த சுரம் எத்தனையாவது எண்ணில் திடீரென அற்றுப்போகின்றதோ, அதுவே அவ்வொலியில் அக்கருவியின் மெய்யான அளவு. அச்சுரம் திடீரென அறாது இயல்பாகவே தேய்ந்து அடங்குமாயின், உமது வேலைக்கு அக்கருவி போதுமென்று கொள்க. இச்சோதனைக்கு இசைப்புலமை வேண்டுவதில்லை. பொறுமையும் செவியும் இருந்தால் போதும்.

ஒரே கருவியைக்கொண்டு மத்தளம், பேஸ், வயலின், பியானோ யாவற்றையும் தானே இயக்கி ஒரு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்விக்க விரும்புவோர்க்குப் பெரிய எண் மெய்யாகவே தேவை. அவர் அதற்குப் பணம் செலவிடுவது தகும். சிறு ஆலயத்துப் பாடகர் குழுவிற்கோ என் அபிப்பிராயம் வேறு. ஓரடுக்குடைய, தெளிந்த ஆர்கன் ஒலி ஒன்று நல்லதாய் அமைந்திருந்தால், பத்து விரலுக்குப் பத்துக் குரல் செலவாகும்; 64 குரற் கருவியில் அது ஒருகாலும் தவறாது. செறிந்த ஒலியொன்றைத் தாங்குவதற்காக இருமடங்கு விலையுள்ள கருவியை வாங்குவதினும், எளிய கருவியை வாங்கி, மிஞ்சிய பணத்தைப் பிள்ளைகளுக்குச் சுரக் குறிப்பு வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்க்குக் கொடுப்பது மேலான செலவாகும். குறிப்பு வாசிக்கக் கற்ற பேஸ் பாடகனின் சுரத்தை எந்தக் கருவியும் களவாட மாட்டாது.

அடுத்த ஆண்டு கீத ஆராதனையில் அதே கருவியையே வாசித்தோம். மகிமையான ஒலியை விலக்கி, ஓரடுக்கு ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டோம், பெடலையும் எடுத்துவிட்டோம். "சென்ற ஆண்டைப்போல் ஒலி நிறைவாயில்லையே" என்று ஒருவர் கூறினர். ஆனால் கடைசிச் சரணம் வந்தபோது பேஸ் பகுதியின் நெடுஞ்சுரம் அசையாது நின்றது. முன்னாண்டு வாய் மூடிய பிள்ளைகள் அறுவரும் அதனைப் பற்றிக்கொண்டு ஆமென் வரை பாடி முடித்தனர். கருவிக்கு எத்தனை குரல் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கு பகுதியும் கடைசி வரை கேட்டன. கருவி வாங்கப் புகுவோர் நாடவேண்டியது அதுவே.